பொதுப் பந்தியும் பாதுகாப்பும் – மார்டள்ளி வட்டாரம் தரும் பாடம்

பொங்கல் விழா, ஆண்டு விழா, கோயில் திருவிழா, மாதா திருநாள் என்று ஆண்டு முழுவதும் நாம் கூடுகிறோம். கூடும் இடமெல்லாம் பந்தி உண்டு. ஐம்பது பேருக்கும் சமைக்கிறோம், ஐந்நூறு பேருக்கும் சமைக்கிறோம். பெரிய அண்டாவில் பொங்கும் சோற்றை யார் காவல் காக்கிறார்கள் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எழுப்பி விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் சமையற்கலை படித்தவன் அல்லன், மருத்துவனும் அல்லன். ரயில்வேயில் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதுகாப்பு என்பது என் பிழைப்பாக இருந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மார்டள்ளி எங்கே இருக்கிறது?

மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் கொள்ளேகால், ஹனூர் வழியாகச் செல்வார்கள். ஹனூரைத் தாண்டி, காடும் மேடுமான அந்தப் பகுதியில் உள்ளது மார்டள்ளி. தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் ஊர். இதில் வியப்பில்லை. கொள்ளேகால் தாலுகா 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினை வரை சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் போயிற்று. இன்று ஹனூர் தனித் தாலுகா. மாவட்டம் மாறினாலும், பெரிய நோய் என்றால் அப்பகுதி மக்கள் வந்து சேருமிடம் இன்றும் நம் மைசூர்தான். அந்தத் தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். இந்தத் தூரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது.

2018 டிசம்பர் 14

மார்டள்ளிக்கு அருகில் உள்ள சுள்வாடியில் கிச்சுகுத்தி மாரம்மன் கோயில் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா. சுற்று வட்டார மக்களோடு, மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருந்த பக்தர்களும் வந்திருந்தார்கள். பூசை முடிந்து பிரசாதமாகச் சோறு வழங்கப்பட்டது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி, வயிற்று வலி, மயக்கம். காமகெரே, கொள்ளேகால், அங்கிருந்து மைசூர் என்று ஆம்புலன்சுகள் ஓடின. கே.ஆர். மருத்துவமனை உள்ளிட்ட மைசூர் மருத்துவமனைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். பலருக்குச் செயற்கை சுவாசக் கருவி தேவைப்பட்டது. முடிவில் 17 பேர் இறந்தார்கள்.

பரிசோதனையில் தெரிந்தது, அந்தச் சோற்றில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து கலந்திருந்தது என்பது. கோயில் நிர்வாகம் யார் கையில் இருப்பது என்ற போட்டியில் வேண்டுமென்றே கலக்கப்பட்டது என்று காவல்துறை குற்றம் சாட்டி நான்கு பேரைக் கைது செய்தது. குற்றத்தை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேறு வேலை இருக்கிறது. ரயில் விபத்து நடந்தால் விசாரணையில், “யார் செய்தது?” என்பதோடு நிறுத்த மாட்டோம். “தடுத்திருக்கக்கூடிய இடங்கள் எத்தனை இருந்தன? அவற்றில் எது இல்லாமல் போயிற்று?” என்று கேட்போம். அதே கேள்வியை இங்கும் கேட்போம்.

இன்னொரு ஊர், அதே மருந்து

கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர் இருந்தால்தான் இப்படி நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2013 ஜூலை 16-ஆம் நாள் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில், கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். அங்கேயும் மானோகுரோட்டோபாஸ்தான். சமையல் எண்ணெயில் அந்த மருந்து கலந்திருந்தது; மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததே காரணம் என்று கண்டார்கள். எண்ணெய் சரியில்லை என்று சமையல் செய்த பெண் சொல்லியும் சமையல் நிற்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. பொறுப்பிலிருந்த தலைமை ஆசிரியைக்கு 2016-இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சுள்வாடியிலும், சோற்றில் ஏதோ நாற்றம் அடித்தது என்று பிழைத்தவர்கள் பின்னர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. ஓரிடத்தில் சதி என்கிறார்கள், மற்றோரிடத்தில் அலட்சியம். ஆனால் இரண்டு இடத்திலும் எச்சரிக்கை கிடைத்தது. பந்தியை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. இரண்டு இடத்திலும் சமையல் பொருள் பலர் கண்காணிப்பில் இல்லை. தடுப்பு இருந்த இடம் ஒன்றே: சமையற்கட்டு.

தண்டவாளத்திலிருந்து இரண்டு பாடங்கள்

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்க எங்களிடம் டோக்கன் கருவி இருந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. உள்ளே இரும்புப் பந்துகள். ஒரு பந்து டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி அந்தத் தடத்தில் நுழையலாம். இந்த நிலையத்து ஸ்டேஷன் மாஸ்டர் தனியாக அந்தப் பந்தை எடுக்க முடியாது. அடுத்த நிலையத்தில் இருப்பவரும் தம் கருவியில் இசைவு கொடுத்தால்தான் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே போய்விட்டால், அது மறுபடி கருவிக்குள் விழும் வரை இரு பக்கமும் இன்னொன்று வராது. இப்போது பல தடங்களில் புதிய கருவிகள் வந்துவிட்டன. தத்துவம் மாறவில்லை. ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தை அவர் ஒருவர் கையில் விடுவதில்லை. இது அவரை நம்பாததால் அல்ல. அவர் களைத்திருக்கலாம், மறந்திருக்கலாம், மிரட்டப்பட்டிருக்கலாம். இரண்டு கை சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்றால், அவருக்கும் அது பாதுகாப்பு.

இரண்டாவது பாடம் சிவப்புக் கொடி. தண்டவாளத்தில் ஆபத்தைக் கண்டால், கடைநிலையில் உள்ள கேங்மேன்கூட எக்ஸ்பிரஸ் வண்டியை நிறுத்தலாம், நிறுத்தியாக வேண்டும். கொடி கையில் இல்லாவிட்டால் எந்தப் பொருளையும் வேகமாக வீசிக் காட்டினால் போதும். அதுவும் ‘நில்’ என்ற சைகைதான். டிரைவர் நின்றுவிட்டுத்தான் காரணம் கேட்பார். நல்லெண்ணத்தோடு நிறுத்தியவனை, “ஏன் வண்டியைத் தாமதப்படுத்தினாய்?” என்று யாரும் தண்டிப்பதில்லை. நம் பந்திகளிலோ பரிமாறுகிற பையன், “ஐயா, சாம்பார் ஒரு மாதிரி வாடை வருகிறது” என்றால், “சும்மா இருடா, ஜனம் காத்திருக்கிறது” என்று அடக்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய தடத்தை ஆய்ந்து பயணிகள் வண்டிக்கு அனுமதி தருகிற ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். கட்டியவரே தம் கட்டுமானத்தைச் சோதித்துக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். சமைத்தவரே, “எல்லாம் சரி” என்று சான்று கொடுப்பதும் அப்படித்தான்.

பந்திக்கு ஏழு விதிகள்

மேற்சொன்ன தத்துவங்களைச் சமையற்கட்டுக்குக் கொண்டு வந்தால் கீழ்க்கண்ட விதிகள் கிடைக்கின்றன. செலவு அதிகமில்லை, ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு பூட்டும் போதும்.

1. இரு பொறுப்பாளர்கள். ஒவ்வொரு விருந்துக்கும் இரண்டு பேர் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ, ஒரே கோஷ்டியைச் சேர்ந்தவராகவோ இருக்கக் கூடாது. சமையல் குழுவைச் சேராதவராகவும் இருக்க வேண்டும்.

2. இரண்டு பூட்டு. மளிகை, எண்ணெய், பால், காய்கறி வைக்கும் அறைக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருவர் மட்டும் திறக்க முடியாது. முதல் நாள் இரவே சமைக்கத் தொடங்கினால் இரவுக் காவலும் இருவராக இருக்கட்டும். கதவில்லாத பந்தலில் சமைத்தால் ஆள்காவலே பூட்டு.

3. உள்ளே வருபவர் பெயர்ப் பட்டியல். சமையற்கட்டுக்குள் போகிறவர் பெயரும் நேரமும் நோட்டில் ஏற வேண்டும். பெரிய மனிதர் என்று விதிவிலக்குக் கூடாது. கேமரா இருந்தால் நல்லது. ஆனால் கேமரா நடந்ததைத்தான் காட்டும், நடப்பதைத் தடுக்காது.

4. பொருளின் வரலாறு. எண்ணெய் முத்திரை உடையாத டின்னாக இருக்கட்டும். பழைய டின், பழைய கேன், பெயர் தெரியாத புட்டி எதுவும் சமையற்கட்டின் பக்கம் வரக் கூடாது. கரப்பான் மருந்து, எலி மருந்து, பினாயில் ஆகியவை வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

5. தண்ணீர். தொட்டித் தண்ணீருக்கு மூடியும் பூட்டும் வேண்டும். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும். 2024 மே மாதத்தில் மைசூரை அடுத்த சாலுண்டி கிராமத்தில் குடிநீர் கெட்டுப் பலர் நோயுற்றதை மறக்க வேண்டாம்.

6. சூடும் நேரமும். சமைத்த சோறு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால் கிருமி பெருகாது. ஆறிப்போன சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்துப் பரிமாற வேண்டாம். சில கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒவ்வொரு உணவிலும் சிறு பங்கைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப் பெயர் எழுதிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்க வேண்டும். தவறு நேர்ந்தால் மருத்துவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

7. சிவப்புக் கொடி. பந்தி தொடங்கும் முன், மைக்கில் சொல்ல வேண்டும்: “மணமோ, நிறமோ, சுவையோ மாறியிருந்தால் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம், பந்தி நிற்கும்.” பத்து வயதுக் குழந்தை சொன்னாலும் நிற்க வேண்டும். நூறு முறை வீணாக நிறுத்தினாலும் நட்டம் ஒரு அண்டா சோறு. நிறுத்திய உணவைக் குழியில் புதைத்துவிடவும் கூடாது. ஆடு மாடு, காக்கை, நாய் தின்ன விடவும் கூடாது. மூடிக் காவல் வைத்து, அதிகாரிகள் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

‘பிரசாதத்தைச் சந்தேகிப்பதா?’ என்று சிலர் மனம் வருந்தக் கூடும். சந்தேகம் சாமி மேல் இல்லை, அண்டாவின் மேல். படைக்கும் முன் கை கழுவுகிறோம் அல்லவா? இதுவும் அந்த வகைச் சுத்தமே.

விஷம் என்றால் எப்படித் தெரியும்?

மானோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையே நடக்கும் செய்தியை நிற்க விடாமல் செய்துவிடுகின்றன. சமிக்ஞைக் கம்பியில் ‘போ, போ’ என்ற உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வாயில் எச்சில் வழியும், கண்ணீர் பெருகும், வியர்வை கொட்டும், வாந்தியும் பேதியும் வரும், கண்மணி ஊசி முனை போல் சுருங்கும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு முட்டும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த மூச்சுத் திணறலே. சாதாரண உணவுக் கோளாறில் கண்மணி சுருங்குவதும் எச்சில் வழிவதும் இல்லை. ஒரே பந்தியில் சாப்பிட்ட பலருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால், அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை: உடனே மைக்கில் அறிவித்து எல்லோரையும் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், நம் கூட்டங்களில் தமிழிலும் கன்னடத்திலும் சொல்ல வேண்டும். 108 எண்ணுக்கு அழைத்து, “விஷ உணவு, இத்தனை பேர்” என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எண்ணிக்கை சொன்னால்தான் எத்தனை வண்டி அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியும். மயங்கியவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி பட்ட துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையில் பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். சாப்பிட்டவர் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். நலமாக இருப்பவரையும் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

செய்யக் கூடாதவை: உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்று கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருத்துவமனையில் இதற்கு அட்ரோபின் என்ற ஊசி மருந்து உண்டு. நெஞ்சுச் சளி வற்றும் வரை திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். இங்கேதான் முன்பு சொன்ன தூரம் வருகிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேலான பாதையைக் கடந்து மைசூர் வரும் வரை மூச்சு காத்திருக்காது. அட்ரோபினை முதலில் தர வேண்டிய இடம் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே எத்தனை ஊசி இருப்பு இருக்கிறது, இரவில் யார் இருப்பார் என்று திருவிழாவுக்கு முன்பே கேட்டு வைப்பது ஊராரின் கடமை. விஷம் பற்றிய ஆலோசனைக்குத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 116 117.

முக்கோணம் சொல்லும் செய்தி

பூச்சி மருந்துப் புட்டியின் மேல் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதி முக்கோணத்தின் நிறம்தான் முக்கியம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மண்டை ஓடும் எலும்பும் போட்டிருக்கும். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் விஷம்தான். வீரியம் குறைவு, அவ்வளவே. மானோகுரோட்டோபாஸ் சிவப்பு வகை. காய்கறிப் பயிருக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. எழுத்தைப் படிக்க முடியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் நிறத்தை வைத்தார்கள். நம் மூத்த தலைமுறையில் கன்னட எழுத்தோ ஆங்கில எழுத்தோ தெரியாதவர் பலர் உண்டு. அவர்களுக்கு இந்த நான்கு நிறத்தைச் சொல்லிக் கொடுப்பது அரை மணி நேர வேலை. காலிப் புட்டியைக் கழுவிச் சீமெண்ணெய்க்கோ, எண்ணெய்க்கோ வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும். மூன்று முறை அலசி, துளையிட்டு, மீண்டும் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். அலசிய நீர் கிணற்றிலோ ஓடையிலோ சேரக் கூடாது.

உள்ளாட்சியிடம் என்ன கேட்கலாம்?

கர்நாடக பஞ்சாயத்துச் சட்டம் 1993-இன்படி கிராம சபை ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். நம்மவர்களில் பலர் வீடு, சாலை, கூலி வேலை இவற்றுக்காக மட்டும் அங்கே போகிறோம். பாதுகாப்புக்காகவும் போக வேண்டும். பி.டி.ஓ. என்று நாம் சொல்லும் பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரியிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்கலாம்: தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி, குளோரின் சோதனையின் பதிவு, பெரிய விழாக்களுக்கு முன் சுகாதார நிலையத்துக்குத் தகவல் தரும் ஏற்பாடு, விழாக் குழுவின் பொறுப்பாளர் பெயரைப் பஞ்சாயத்தில் பதியும் ஏற்பாடு. நகரத்தில் இருப்பவர்கள் மாநகராட்சியின் வட்டார அலுவலகத்தில் சுகாதாரப் பிரிவைக் கேட்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கோயில் அன்னதானத்துக்கும் பொருந்தும். தொடர்ந்து உணவு வழங்கும் கோயில், தேவாலயம், மசூதி, மடம் எல்லாம் பதிவு பெற வேண்டும். பதிவு என்றால் தொந்தரவு என்று ஒதுங்க வேண்டாம். பதிவு பெற்ற இடத்துக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து சமையற்கட்டைப் பார்த்து, குறைகளைச் சொல்லித் தருவார். முன்னே சொன்ன வெளி ஆள் சோதனை இதுவே.

நம் சங்கம் செய்யக்கூடியது

முடிவாக ஒரு வேண்டுகோள். அரசு அறிவிப்புகள் கன்னடத்தில் வருகின்றன, அது முறைதான். அவற்றைத் தமிழில் எழுதி, மார்டள்ளி போன்ற ஊர்களின் கோயில் சுவரிலும் தேவாலய வாசலிலும் பள்ளித் தாழ்வாரத்திலும் ஒட்டும் பணியை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஏழு விதிகள் ஒரு தாள், விஷ அறிகுறிகள் ஒரு தாள், நான்கு நிறங்கள் ஒரு தாள். மூன்று தாளுக்கு ஆகும் அச்சுச் செலவு ஒரு பந்திக்கு வாங்கும் வாழை இலையின் விலைகூட இராது. அடுத்தவருக்குச் சொல்வதற்கு முன் நாமே செய்துகாட்ட வேண்டும். வரும் பொங்கல் விருந்துக்கு நம் சமையற்கட்டின் வாசலில் இரண்டு பெயர்கள் எழுதிய பலகை தொங்கட்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். சுள்வாடியில் பிரசாதம் வாங்கக் கை நீட்டிய 17 பேர் திரும்பி வரப் போவதில்லை. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது மிச்சம் இருக்கிறது.